சுருதி யாருக்கு யார் சேர்க்கணும்?

1/ நீளமான இழை. டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க. வழக்கமா இங்க சுகர், பி.பி., தைராய்டுன்னு எழுதற நான் இன்னைக்கு இசையைப் பத்தி எழுதப் போறேன். "டாக்டருக்கு எதுக்கு இந்த வேலை"ன்னு கேக்கறவங்களுக்குக் கொஞ்சம் கீழ பதில் இருக்கு. திட்டறதா இருந்தா கடைசி வரைக்கும் படிச்சுட்டுத் திட்டுங்க.

2/ போன மே மாசம், சீசன் நேரம். குன்னூர் பக்கம் ஒரு தனியார் விடுதியில ராத்திரி விருந்தோட கச்சேரி. மலை மக்களோட இசையையும் வெஸ்டர்ன் கிளாசிக்கலையும் கலக்கறோம்னு விளம்பரம். ஒரு வயலின், ஒரு செல்லோ, ஒரு கீபோர்டு, ஒரு லேப்டாப். கூட வெள்ளைப் போர்வை போர்த்திய நாலு கோத்தர் கலைஞர்கள். நானும் டிக்கெட் வாங்கிப் போனேன். முடிஞ்சதும் எழுந்து நின்னு கை தட்டினேன். அதை முதல்லயே ஒத்துக்கறேன்.

3/ மூணு வாரம் கழிச்சு, மேடையில நின்ன ஒரு பெரியவர் பி.பி. மாத்திரைக்காக கிளினிக் வந்தார். (அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் இதை எழுதறேன். பேரும் ஊரும் சொல்ல மாட்டேன்.) "ஐயா, அன்னைக்கு ரொம்ப நல்லா வாசிச்சீங்க"ன்னேன். சிரிச்சார். "நான் வாசிக்கவே இல்லீங்களே டாக்டரம்மா"ன்னார்.

4/ நடந்தது இதுதான். அவர் வாசிக்கறது 'கொள்'. நாதஸ்வரம் மாதிரி சீவாளி வச்சு ஊதற குழல், அதைவிடச் சின்னது. ஒத்திகையில அதோட சுருதி கீபோர்டுக்கு ஒத்து வரலை. "பரவால்ல, நீங்க வாயில வச்சுக்கிட்டு நில்லுங்க, சத்தம் லேப்டாப்புல இருந்து வரும்"னு சொல்லிட்டாங்க. நான் எழுந்து நின்னு கை தட்டினது லேப்டாப்புக்கு.

5/ அதுக்கு முன்னாடி இன்னொன்னு நடந்திருக்கு. "மெதுவா, சோகமா ஒரு ட்யூன் வேணும்"னு கேட்டிருக்காங்க. "அந்த மாதிரி மெட்டு சாவுக்கு வாசிக்கறது, சாப்பிடற இடத்துல வாசிக்க மாட்டோம்"னு இவர் சொல்லியிருக்கார். அதுக்கு வந்த பதில், "இவங்க கோ-ஆபரேட் பண்ண மாட்டேங்கறாங்க". போஸ்டர்ல வயலின்காரர் பேரு, செல்லோக்காரர் பேரு, கீபோர்டுக்காரர் பேரு எல்லாம் இருந்துச்சு. இவங்க நாலு பேருக்கும் சேர்த்து "மற்றும் பழங்குடிக் கலைஞர்கள்".

6/ கிளம்பறப்ப அவர் சொன்னதுதான் என்னை இந்த இழை எழுத வச்சுது: "வயலின்காரரும் கீபோர்டுக்காரரும் ரொம்ப நேரம் ஒருத்தருக்கொருத்தர் சுருதி சேத்துக்கிட்டாங்க டாக்டரம்மா. என்னை மட்டும் யாரும் கேக்கல."

7/ இதை எங்க டாக்டர்கள் வாட்ஸப் குழுவுல சொன்னேன். ரெண்டு கட்சி கிளம்புச்சு. ஒண்ணு: "அதுக்குத்தான் சொல்றது, கலக்கவே கூடாது. அவங்க இசை சுத்தமா இருக்கட்டும், விட்டுடுங்க." இன்னொண்ணு: "விடுங்க மேடம், அவங்களுக்கு ஒரு மேடை கிடைச்சுதே, அதுவே பெருசு." ரெண்டுமே தப்புன்னு நினைக்கறேன். ஒவ்வொண்ணா வர்றேன்.

8/ முதல்ல சுத்தக் கட்சி. கர்நாடக சங்கீதத்துக்கு வயலின் எங்கேயிருந்து வந்துச்சு? 1800களின் தொடக்கத்துல பாலுஸ்வாமி தீட்சிதர், அதாவது முத்துஸ்வாமி தீட்சிதரோட தம்பி, சென்னைப் பட்டணத்துல ஐரோப்பியர்கிட்ட கத்துக்கிட்டுக் கொண்டு வந்தது. தஞ்சை நால்வர்ல ஒருத்தரான வடிவேலு அதைத் திருவாங்கூர் அரசவை வரைக்கும் கொண்டு போனார். கம்பெனி பேண்டு வாசிச்ச மெட்டுகளுக்கு முத்துஸ்வாமி தீட்சிதரே சமஸ்கிருதத்துல சாகித்யம் எழுதினார். நோட்டுஸ்வர சாகித்யம்னு இன்னைக்கும் குழந்தைகளுக்குச் சொல்லித் தர்றாங்க.

9/ ஆனா கவனிங்க, அந்தக் கலப்புல வயலின்தான் மாறுச்சு. நின்னுக்கிட்டு தாடைக்குக் கீழ வச்சு வாசிச்ச வாத்தியம் தரையில உட்கார்ந்துச்சு. ஒரு முனை நெஞ்சுல, ஒரு முனை கணுக்கால்ல. தந்திகளோட சுருதி ச-ப-ச-பன்னு மாறுச்சு. தனித்தனி ஸ்வரமா அழுத்தின இடது கை விரல், கமகத்துக்காகத் தந்தி மேல வழுக்கக் கத்துக்கிச்சு. இருநூறு வருஷம் ஆச்சு. இன்னைக்கு வயலின் இல்லாம ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரியை நினைச்சுப் பாருங்க. கலக்கறது தப்புன்னா முதல்ல மியூசிக் அகாடமியில இருந்து வயலினை வெளிய அனுப்பணும்.

10/ அடுத்து, டாக்டருக்கு என்ன வேலைன்னு கேட்டீங்களே. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல எம்.பி.பி.எஸ். முடிச்சவர்தான் வயலின் மேதை எல். சுப்ரமணியம். பட்டம் வாங்கிட்டு, மேல்படிப்புக்கு கலிபோர்னியா போய் மேற்கத்திய இசையை முறையாப் படிச்சார். அப்பா லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்துல இசைப் பேராசிரியரா இருந்தவர். 1958 கலவரத்துக்கு அப்புறம் அந்தக் குடும்பம் சென்னைக்குத் திரும்புச்சு. அண்ணன் எல். வைத்தியநாதன், தம்பி எல். ஷங்கர். வீட்டுல எல்லாருக்கும் வயலின்.

11/ 1983ல வயலினுக்கும் புல்லாங்குழலுக்கும் ஆர்கெஸ்ட்ராவோட டபுள் கான்செர்ட்டோ எழுதினார். 1985ல நியூயார்க் ஃபில்ஹார்மனிக், சுபின் மேத்தா நடத்த, இவரோட 'ஃபேன்டஸி ஆன் வேதிக் சான்ட்ஸ்' அரங்கேறுச்சு. 2025ல பத்ம விபூஷண் கிடைச்சுது. கான்செர்ட்டோன்னா வேற ஒண்ணுமில்ல, ஒரு தனி வாத்தியமும் ஒரு பெரிய ஆர்கெஸ்ட்ராவும் பேசிக்கறது. பேச்சுன்னா ரெண்டு பக்கமும் கேக்கணும்.

12/ அதுல உள்ள சிக்கல் என்னன்னு எளிமையா சொல்றேன். தோடி ராகத்துல காந்தாரம் ஒரு இடத்துல நிக்காது, ஆடும். கீழ ஆர்கெஸ்ட்ராவுல நாற்பது வயலின், வயோலா, செல்லோ சேர்ந்து ஒரு கார்டு பிடிச்சு நிக்குது. ஆடற காந்தாரத்தோட எந்தப் புள்ளிக்கு அந்த நாற்பது பேரும் ஒத்துப் போகணும்? கார்டு ஜெயிச்சா ராகம் செத்துடும். ராகம் மட்டும் ஜெயிச்சா ஆர்கெஸ்ட்ரா வெறும் தம்புரா ஆயிடும். இதைத் தீர்க்கணும்னா எழுதறவருக்கு ரெண்டும் தெரிஞ்சிருக்கணும். ஒத்திகைக்கு ஒரு சாயந்திரம் வந்து "ஒத்து வரல"ன்னு சொல்லிட்டுப் போறவரால முடியாது.

13/ இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் இல்ல. கொரியாவுல பிறந்த யுன் இசாங் (1917-1995) பெர்லின்ல வாழ்ந்த இசையமைப்பாளர். ஐரோப்பிய ஸ்வரம் பென்சில் கோடு மாதிரி, எங்க ஊரு ஸ்வரம் தூரிகைக் கோடு மாதிரின்னு விளக்குவார். ஒரே ஸ்வரம் பிறக்கும், தடிக்கும், நடுங்கும், மெலியும். கமகம் தெரிஞ்ச நமக்கு இதைக் கேட்டதும் புரியும். அவர் அந்தக் கொரிய ஸ்வரத்தை கீபோர்டுக்கு ஏத்த மாதிரி வெட்டலை. ஐரோப்பிய ஆர்கெஸ்ட்ராவையே தூரிகை மாதிரி எழுத வச்சார். 1966ல வந்த 'ரேயக்'ல அந்தப் பெரிய ஆர்கெஸ்ட்ரா கொரிய அரண்மனை இசை மாதிரி மூச்சு விடும். 1981ல முதல் வயலின் கான்செர்ட்டோ.

14/ நடுவுல 1967ல, உளவாளின்னு குற்றம் சாட்டி, தென்கொரிய உளவுத் துறை அவரை பெர்லின்ல இருந்து கடத்திட்டுப் போய் சியோல்ல ஜெயில்ல போட்டுச்சு. ஆயுள் தண்டனை. ஸ்ட்ராவின்ஸ்கி, கராயன் உட்பட உலகத்துக் கலைஞர்கள் கையெழுத்துப் போட்டுக் கேட்டு, 1969ல விடுதலை. ஜெயில்ல இருந்தப்பவும் இசை எழுதினார். ரெண்டு உலகத்தையும் சேர்த்துப் பிடிக்கறதுக்கு ஒரு மனுஷன் கொடுத்த விலை அது. நம்ம ஊருல ஒரு லேப்டாப்பும் ஒரு சாயந்திரமும் போதும்னு நினைக்கறோம்.

15/ அடுத்த தலைமுறை உன்சுக் சின். 1961ல சியோல்ல பிறந்து, ஹாம்பர்க்ல லிகெட்டிகிட்ட படிச்சவர். அவரோட வயலின் கான்செர்ட்டோ 2002ல பெர்லின்ல அரங்கேறி, 2004ல கிராவ்மயர் விருது வாங்குச்சு. வயலினோட திறந்த தந்திகள்ல இருந்தே தொடங்கற இசை. "கொரிய நாட்டுப்புற இசை"ன்னு தன் மேல முத்திரை குத்தறதை அவர் விரும்பறதில்ல. அதுவும் சரிதான். போர்வை போர்த்தி நிக்க வைக்காம, பேரைப் போட்டு அழைக்கணும்னுதான் அதுக்கு அர்த்தம்.

16/ ஒண்ணு யோசிங்க. இவங்க ரெண்டு பேரும் வானத்துல இருந்து குதிக்கலை. சியோல் தேசியப் பல்கலைக்கழகத்துல 1959ல இருந்தே கொரிய மரபிசைக்குத் தனித் துறை இருக்கு. கொரியாவுல ஒரு பிள்ளை வயலினும் படிக்கலாம், கயாகுமும் படிக்கலாம், ரெண்டுக்கும் பட்டம் உண்டு. நம்ம மலையில ஒரு கோத்தர் பிள்ளை 'கொள்' படிச்சா எந்தக் கல்லூரி பட்டம் கொடுக்கும்?

17/ இப்போ எங்க ஃபீல்டுல இருந்து ஒண்ணு. 1952லயே லேமன், கட்புஷ்னு ரெண்டு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்கள்கிட்ட சிக்கிள் செல் இருக்கறதைப் பதிவு செஞ்சாங்க. இந்தியாவுல முதல் பதிவுகள்ல ஒண்ணு அது. இந்த நோயாளிகளுக்குத் திரும்பத் திரும்ப ரத்தம் ஏத்த வேண்டி வரும். ஏ, பி, ஓ, ஆர்எச் பாசிட்டிவ் நெகட்டிவ் மட்டும் பார்த்துட்டு ஏத்தினா பத்தாது. சி, இ, கெல்னு இன்னும் சில வகைகளையும் பார்க்கணும். இல்லேன்னா உடம்பு எதிர்ப்பணுக்களை உருவாக்கிடும். அப்புறம் அந்த நோயாளிக்குப் பொருந்தற ரத்தம் கிடைக்கறதே கஷ்டம்.

18/ அதனால ரத்தமே ஏத்தக் கூடாதுன்னு எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். அது கொலை. பார்க்காம ஏத்தலாம்னும் சொல்ல மாட்டார். அதுவும் கொலை. யாருக்கு ஏத்தறோமோ அவரோட ரத்தத்தை முதல்ல தெரிஞ்சுக்கோ, அவ்வளவுதான். சுத்தக் கட்சிக்கும் மேடைக் கட்சிக்கும் சேர்த்து என் பதில் இதுதான்.

19/ அப்போ கோத்தர் இசையோட 'ரத்த வகை' என்ன? கோத்தர்களுக்கு நீலகிரியில ஏழு ஊர். கொல்லு வேலை, மண்பாண்டம், இசை மூணும் அவங்க கை. 'கொள்', வளைஞ்ச கொம்பு, தோல் பறைகள். கொள் ஊதறவர் நடுவுல நிறுத்தி மூச்சு வாங்க மாட்டார். கன்னத்துல காத்தைத் தேக்கி ஊதிக்கிட்டே மூக்கால மூச்சு இழுப்பார். எங்க நுரையீரல் டாக்டர்கள் பார்த்தா அசந்து போவாங்க.

20/ அமெரிக்க இசை ஆய்வாளர் ரிச்சர்ட் உல்ஃப் இவங்களோட தங்கிப் படிச்சு ஒரு பெரிய புத்தகமே எழுதியிருக்கார். சாமிக்கு வாசிக்கற மெட்டு வேற, சாவுக்கு வாசிக்கற மெட்டு வேற, ஆட்டத்துக்கு வாசிக்கறது வேற. ஒண்ணை எடுத்து இன்னொரு இடத்துல வாசிக்க மாட்டாங்க. நம்ம கல்யாண வீட்டுல முகாரி வாசிக்கச் சொன்னா நாதஸ்வர வித்வான் வாசிப்பாரா? அவர் மறுத்தா "மரபு தெரிஞ்சவர்". கோத்தர் பெரியவர் மறுத்தா "கோ-ஆபரேட் பண்ணலை".

21/ மறுக்கறதுக்கு அவங்களுக்கு ஒரு வரலாறும் இருக்கு. ஒரு காலத்துல தோடர், படகர் வீட்டுச் சாவுக்கெல்லாம் கோத்தர்தான் வாசிக்கணும். வாசிக்கவும் வேணும், அதுக்காகவே தாழ்வாப் பார்க்கவும் வேணும். 20ஆம் நூற்றாண்டோட முதல் பாதியில அந்த வழக்கம் பெரும்பாலும் நின்னு போச்சு. அதுல கோத்தர்களோட சுயமரியாதைக்குப் பங்கு உண்டு. அப்படிப்பட்டவங்ககிட்ட, நூறு வருஷம் கழிச்சு, பஃபே சாப்பாட்டுக்குப் பக்கத்துல நின்னு சாவு மெட்டு வாசிங்கன்னு கேக்கறோம்.

22/ இப்போ வரப்போற கேள்விகள். "டாக்டர், சுருதி சேராதது டெக்னிக்கல் பிரச்சினை. அதுக்கு யார் என்ன செய்ய முடியும்?" செய்யலாம். கொள்ளுல துளை போட்டாச்சு. உதட்டால கொஞ்சம் நகர்த்தலாமே தவிர, துளையை நகர்த்த முடியாது. கீபோர்டுல சுருதியை ஏத்தி இறக்க வசதி இருக்கு. நல்ல கீபோர்டா இருந்தா ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியா மாத்தலாம். வயலின்லயும் செல்லோலயும் மெட்டே கிடையாது, விரலை எங்க வேணும்னாலும் வைக்கலாம். அந்த மேடையில வளைய முடியாதது ஒரே ஒரு வாத்தியம். வளையச் சொன்னது அதைத்தான்.

23/ அதனால இதை டெக்னிக்கல்னு சொல்லாதீங்க. யாருக்கு யார் சுருதி சேர்க்கணும்ங்கறது மரியாதைப் பிரச்சினை. பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்துல வயலின் நமக்கு வளைஞ்சுது. யுன் இசாங்குக்கு ஆர்கெஸ்ட்ரா வளைஞ்சுது. அப்போ நாம பெருமைப்பட்டோம். நமக்குக் கீழன்னு நாம நினைக்கற ஒருத்தர்கிட்ட வந்ததும் நாம வளைய மாட்டேங்கறோம்.

24/ "காசு கொடுத்தாங்கல்ல?" கொடுத்தாங்க. எவ்வளவுன்னு அவரே சொன்னார். வயலின்காரருக்கு எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது, அதனால ஒப்பிட மாட்டேன். ஆனா லேப்டாப்புல ஓடுச்சே ஒரு ஒலிப்பதிவு, அது ஒத்திகையில அவர் வாசிச்சதையே எடுத்தது. அதுக்குத் தனியாக் கேக்கவும் இல்ல, கொடுக்கவும் இல்ல. ஒருத்தரோட ரத்தத்தைச் சொல்லாம எடுத்தா அதுக்கு எங்க தொழில்ல வேற பேரு.

25/ "அப்போ நீலகிரியில இருந்து ஒரு கான்செர்ட்டோ வரவே கூடாதா?" வரணும். அதைக் கேட்டுட்டுச் சாகணும்னு ஆசை. ஆனா அதுல கொள் தனி வாத்தியமா நடுவுல நிக்கணும், வயலின்கள் அதைச் சுத்திச் சுருதி சேத்துக்கணும். எழுதறவர் கோத்தர் ஊருல வருஷக்கணக்கா உட்கார்ந்து கத்துக்கிட்டவரா இருக்கணும். அதைவிட நல்லது, எழுதறவரே ஒரு கோத்தர் பொண்ணாவோ பையனாவோ இருக்கறது. நாளைக்கு நடக்காது. ஆரம்பிச்சா இருபது வருஷத்துல நடக்கும்.

26/ அதுவரைக்கும் சீசனுக்குக் கச்சேரி போடறவங்க எல்லாருக்கும் நாலே நாலு கோரிக்கை. விடுதி, கிளப், விழாக்குழு யாரா இருந்தாலும்.
ஒண்ணு: போஸ்டர்ல ஒவ்வொருத்தர் பேரும் வரணும், ஒரே அளவு எழுத்துல.
ரெண்டு: ஒத்திகையை அவங்க வாத்தியத்தோட சுருதியில தொடங்குங்க.
மூணு: எந்த மெட்டை எங்க வாசிக்கலாம்னு அவங்க சொல்றதுதான் கடைசி வார்த்தை.
நாலு: பதிவு பண்றதுக்கு முன்னாடி எழுத்துல அனுமதி, தனிக் காசு.
இதுல எதுக்கும் லட்சக்கணக்குல செலவாகாது.

27/ ரசிகர்களுக்கு ஒண்ணே ஒண்ணு. டிக்கெட் வாங்கறதுக்கு முன்னாடி போன் போட்டு, "அந்தக் கோத்தர் கலைஞர்கள் பேரு என்ன?"ன்னு கேளுங்க. பதில் வரலைன்னா போகாதீங்க. நான் கேக்காம போனேன், ஏமாந்தேன், கை வேற தட்டினேன்.

28/ போன வாரம் பெரியவர் மறுபடி வந்தார். பி.பி. கட்டுப்பாட்டுல இருக்கு. "ஐயா, எனக்கு ஒரு தடவை நிஜமா வாசிச்சுக் காட்டுவீங்களா?"ன்னு கேட்டேன். "இங்க எல்லாம் வாசிக்க முடியாதுங்க. திருவிழாவுக்கு ஊருக்கு வாங்க டாக்டரம்மா. செருப்பை வெளிய விட்டுட்டு உட்கார்ந்து கேளுங்க"ன்னார். போறேன். முடிஞ்சது இழை. இனி திட்டறவங்க திட்டலாம்.